தூத்துக்குடி இளவேனில்: ஒரு காலைப் பொழுதின் வரவு செலவு

24 நிமிடம். மார்ச் 21 அன்று தூத்துக்குடிக் கடலில் சூரியன் தலைகாட்டியதிலிருந்து, படம் எடுப்பவர்கள் தேடி அலையும் பொன்வெயில் தீர்ந்துபோகும் வரை கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். சூரியன் அடிவானத்திலிருந்து 6 பாகை ஏறும் வரைதான் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் நிற்கும். தூத்துக்குடி 8.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து, மணிக்கு 14.8 பாகை ஏறுகிறது. அதே நாளில் லண்டனில் சாய்வாக நகர்ந்து மணிக்கு 9.3 பாகைதான் ஏறும். அங்கே இருப்பவருக்கு 39 நிமிடம் கிடைக்கிறது. எனவே இந்தக் கணக்கில் ரூபாய் இரண்டாவது இனம். முதல் இனம் நிமிடம்.

இளவேனில் என்றால் நாட்காட்டி சித்திரை, வைகாசியைக் காட்டும். எங்கள் கரையில் அதை மார்ச் 1 முதல் ஏப்ரல் 14 வரையிலான 45 நாள் என்று வைத்துக்கொள்வதே பொருந்தும். வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் எழுந்திருக்காது. மார்ச் 1 அன்று சூரிய உதயம் காலை 6.31 மணிக்கு. மார்ச் 21-ல் 6.21. ஏப்ரல் 14-ல் 6.09. ஒன்றரை மாதத்தில் விடியல் 22 நிமிடம் முன்னால் வந்துவிடுகிறது. மாலையைப் பாருங்கள்: 6.28, 6.28, 6.27. அந்தி அசையவே இல்லை. வேலை முடிந்து மாலையில் கடற்கரைக்குப் போகிறவர் 45 நாளும் ஒரே நேரத்துக்குப் போகலாம். காலையில் போகிறவர்தான் வாரத்துக்கு மூன்றரை நிமிடம் அலாரத்தை முன்னே தள்ள வேண்டும். ஏப்ரல் 12-ஐ ஒட்டி நண்பகல் 12.18-க்குச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த கம்புக்கு அப்போது நிழல் இருக்காது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அன்று மொட்டை மாடியில் ஒரு குழாயை நிறுத்தி அதைப் படம் எடுக்கச் சொல்லலாம். இதற்குச் செலவு எதுவும் கிடையாது.

இந்த 45 நாளுக்கு இன்னொரு பழைய மதிப்பும் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று அடங்கி, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன்னுள்ள இடைவெளியில்தான் கடல் தெளியும். முத்துக்குளிப்பு நடந்ததும் இந்தத் தெளிவை நம்பித்தான். முத்துச்சிப்பிப் பார்கள் கரையிலிருந்து 12 முதல் 20 கி.மீ. தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. கலங்கிய கடலில் அங்கே இறங்கினால் சிப்பி தென்படாது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ, ஏப்ரலில் தொடங்கி மே நடுவரை குளிப்பு நடப்பதாக எழுதியதோடு பங்குக் கணக்கையும் குறித்துவைத்தார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. பெருமீன்கள் அண்டாமல் மந்திரம் சொல்பவருக்கு இருபதில் ஒரு பங்கு. நூறு முத்து எடுத்தால் பதினைந்து கரையிலேயே கழிந்துவிடும். அரசு நடத்திய கடைசிக் குளிப்புத் தொடர் 1955-ல் தொடங்கி 1961-ல் முடிந்தது. அதன்பிறகு 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடைப் பண்ணையில் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. குளிப்புக்கு உதவிய அந்தத் தெளிந்த கடலும் காற்றடங்கிய காலையும் மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன. அவற்றைக் கேமராவாவது பயன்படுத்திக்கொள்ளட்டும்.

இனி உப்பளம். என் கணக்கில் இதற்குத்தான் அதிகப் பக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் சுமார் 25,000 ஏக்கர் உப்பளம் இருக்கிறது. நல்ல ஆண்டில் 25 லட்சம் டன் அளவுக்கு விளைகிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 100 டன். நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம் இந்தக் கரைக்குத்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன; அதில் சமையலுக்கு ஆகும் உப்பு 27 கிராம். கடல்நீரை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் நீர் காய வேண்டும். இங்கே பல அளங்களில் நிலத்தடி உவர்நீரையே இறைக்கிறார்கள், அது இன்னும் அடர்த்தியானது. நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, அடர்த்தி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் பாத்தி திருத்தும் வேலை முடிந்து, மார்ச்சில் முதல் வாரல் வரும் அளங்கள் நிறைய. படம் எடுப்பவருக்கு அந்த வாரங்களில் ஒரே சாலையில் மூன்று நிலையும் அகப்படும்: வானத்தைக் காட்டும் தெளிநீர்ப் பாத்தி, ஓரத்தில் வெள்ளை கட்டத் தொடங்கிய பாத்தி, வாரிக் குவித்த அம்பாரம்.

ஒரு தொழில்நுட்ப எண்ணை இங்கே சொல்லியாக வேண்டும். கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி வெளிச்சத்தை அளக்கும். அம்பாரத்தை அப்படியே எடுத்தால் உப்பு சிமென்ட் போல் விழும். வெளிச்சத் திருத்தத்தை +1-ல் வையுங்கள், வெயில் ஏறியபின் +1.3 வரை போகலாம். கைபேசியில் அம்பாரத்தின் மேல் விரலை வைத்து மேல்நோக்கி இழுத்தால் போதும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடையுங்கள். உப்புக்காற்று உள்ளே தங்கினால் பழுதுபார்க்கும் செலவு அந்தப் பருவத்தின் மொத்தச் செலவையும் தாண்டிவிடும்.

இந்த வெண்மைக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களின் கணக்கு வேறு. வெயிலுக்கு முன் வேலையை முடிக்க இருட்டிலேயே அளத்துக்கு வருகிறார்கள். உப்பு நீரில் நின்ற கால் வெடிக்கிறது, வெண்மை எதிரொளித்துக் கண் கூசுகிறது. மழைக்காலத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 முதல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் ஓராண்டில் பெறும் சராசரி மழை அதைவிடக் குறைவு. குவித்திருந்த உப்பு கரைந்தது, பாத்திகள் சேற்றில் மூடின, அடுத்த பருவமும் தள்ளிப்போனது. அளத்துக்குப் போகுமுன் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலைப் படித்துவிட்டுப் போங்கள் என்று நண்பர்களிடம் சொல்வேன். அதைப் படித்தவர் வரப்பில் நிற்கும் பெண்ணை நிழலுருவாக மட்டும் பார்க்க மாட்டார். கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போவதும், “படம் எடுக்கட்டுமா அக்கா?” என்று கேட்டுவிட்டு எடுப்பதும் கட்டாயம். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டும்.

அளங்களை ஒட்டிய நீர்நிலைகளில் பூநாரை, கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், ஆலா எல்லாம் வந்து நிற்கும். வலசை வந்த உள்ளான்களில் பெரும்பகுதி ஏப்ரலுக்குள் வடக்கே திரும்பிவிடும். ஆகவே பறவைக்கு 45 நாளில் முதல் 30 நாளே நல்ல நாள். பூநாரையைக் கலைக்காமல் நிற்க 100 மீட்டராவது வேண்டும். அந்தத் தூரத்தில் கைபேசியின் சாதாரண லென்ஸில் படத்தின் அகலத்துக்குள் 138 மீட்டர் நிலம் அடங்கும். 1.4 மீட்டர் உயரப் பறவை படத்தில் 40 புள்ளி உயரம்தான் வரும். சிறிய சென்சார் கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால் அகலம் 7.8 மீட்டராகச் சுருங்கும், பறவை சட்டத்தின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் நிற்கும். பெரிய லென்ஸ் இல்லையே என்று பறவையை நெருங்கிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். கூட்டம் எழுந்து பறந்தால் அவை தீனியை விடுகின்றன, வலசைக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பை இழக்கின்றன. கைபேசி மட்டும் வைத்திருப்பவர் பறவையைக் கண்ணால் பார்த்துவிட்டு, படத்துக்கு அம்பாரத்தையும் பாத்தியின் கோடுகளையும் எடுக்கட்டும். 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, தன்னார்வலர்கள் கலந்துகொள்ளலாம். பறவை பார்க்கப் பழக அதைவிட நல்ல பள்ளி இந்தப் பக்கம் இல்லை.

துறைமுகம் பக்கம் அளவுகள் பெரியவை. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் வடக்கு அலைதடுப்புச் சுவர் 4,098.66 மீட்டர், தெற்குச் சுவர் 3,873.37 மீட்டர். இரண்டுக்கும் இடையில் 1,275 மீட்டர். சுவர்களுக்குள் படம் எடுக்க அனுமதி கிடையாது, ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெளியே பொதுக் கடற்கரையில் நின்றாலே போதும். நங்கூரமிட்ட கப்பலுக்குப் பின்னால் சூரியன் எழும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மறுபக்கம் நிற்கும். 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள்.

எனக்கு அதைவிடப் பழைய துறைமுகம்தான் பிடிக்கும். மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் மரத் தோணிகள் அங்கே நிற்கின்றன. சிமென்ட்டும் காய்கறியும் மூட்டையாகவும் கூடையாகவும் ஏறுவதை மணிக்கணக்கில் பார்க்கலாம். ஜோ டி குருஸ் இந்தத் தோணிக்காரர்களின் உலகைத்தான் ‘கொற்கை’யில் எழுதி 2013-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். திரேஸ்புரத்தில் வள்ளங்கள் கரையேறும் நேரமும் நல்ல நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வலை பின்னுவார்கள், பலகை மாற்றுவார்கள். அழகான வரிசைதான். ஆனால் அது வருமானம் நின்ற வரிசை என்பதைப் படம் எடுப்பவர் மறக்கலாகாது.

இப்போது ரூபாய்க் கணக்கு. இருவர், ஒரு பைக், ஒரு காலை என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டியும் வண்டி லிட்டருக்கு 50 கி.மீ. தருவதாகவும் கொண்டால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய்.

துறைமுகச் சாலை, உப்பளம் சுற்றித் திரும்ப 25 கி.மீ.: ரூ.50
இருவருக்கு டீ, வடை: ரூ.60
மக்ரூன் 100 கிராம்: ரூ.100
ஐந்து படம் அஞ்சலட்டை அளவில் அச்சிட: ரூ.50
மொத்தம்: ரூ.260

டவுன் பஸ்ஸில் போனால் முதல் வரி இன்னும் குறையும். சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. மக்ரூனை நீக்கினால் மொத்தம் ரூ.160 ஆகிவிடும், நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கொடைக்கானலை வைத்துப் பாருங்கள். போக வர சுமார் 500 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் எரிபொருளுக்கு மட்டும் ரூ.3,300. 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அந்த எரிபொருள் பணத்தில் மேலே போட்ட காலைகள் பன்னிரண்டு கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. 45 நாளில் ஒரு காலைகூட ஊருக்குள் இறங்காமல், மலையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதுதான் நஷ்டம்.

கொஞ்சம் தூரம் போக விரும்புபவருக்கு மணப்பாடு இருக்கிறது. 60 கி.மீ., பைக்கில் போக வர ரூ.240. 1542-ல் சவேரியார் வந்து தங்கிய ஊர். குன்றின் மேல் சிலுவைக் கோயில், கீழே கடல். வல்லநாட்டு வெளிமான் சரணாலயம் 16.41 சதுர கி.மீ., நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அங்கும் காலையே நல்லது.

கணக்கில் செலவாக எழுத முடியாத இடமும் ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986-ல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு வடக்கே காரைச்சல்லி 1969-ல் 20.85 ஹெக்டேர், 2018-ல் 5.97 ஹெக்டேர். பவளப்பாறையை வெட்டி எடுத்த பழைய காலத்தின் கடனை இன்று அலை வசூலிக்கிறது. தீவுகளில் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது, படகுக்காரர் யாராவது கூட்டிப்போகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

படத்தை அச்சிடுவது பற்றி ஒரு கடைசி எண். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் 4,032 × 3,024 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 13 × 10 அங்குலம் வரை கூர்மை குறையாது. இதற்காகப் புதுக் கேமரா வாங்க வேண்டியதில்லை. மேலே ஐந்து படத்துக்கு ரூ.50 எழுதினேன் அல்லவா, அதில் இரண்டு பிரதி உங்கள் வீட்டுக்கு இருக்கட்டும். மீதி மூன்றை, படத்தில் இருக்கும் உப்பளத்து அக்காவுக்கும் தோணிக்கார அண்ணாச்சிக்கும் டீக்கடைக்காரருக்கும் அடுத்த முறை போகும்போது கையில் கொடுத்துவிடுங்கள்.