ஒரு ரூபாய் நோட்டில் இருபது கையெழுத்து: 'ஷார்ட் ஸ்னார்ட்டர்' கதை

உங்க பர்ஸில் இருக்கிற பத்து ரூபாயோ ஐந்நூறோ, எதை எடுத்துப் பார்த்தாலும் அதில் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து இருக்கும். அது அச்சடிச்ச கையெழுத்து. இன்னைக்கு நாம பேசப்போறது பேனாவை எடுத்து நோட்டு மேலேயே மனுஷங்க போட்ட கையெழுத்தைப் பத்தி.

பழைய நோட்டு சேர்க்கிற யாரையாவது கேளுங்க, நோட்டில் பேனா பட்டாலே முகம் சுளிப்பாங்க. மடிப்பு, கறை, கிறுக்கல் எல்லாமே விலையைக் குறைக்கிற சமாச்சாரம். ஆனா ஒரு வகை நோட்டில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அதில் எழுத்து இருந்தாத்தான் மதிப்பு. அதுக்குப் பேர் 'ஷார்ட் ஸ்னார்ட்டர்'.

அமெரிக்கக் கொச்சையில் 'ஸ்னார்ட்'னா ஒரு மடக்கு சரக்கு. 'ஷார்ட்' சேர்ந்தா அரை மடக்கு. விமானம் ஓட்டுறவர் முழுசாக் குடிக்கக் கூடாதுல்ல, அந்தக் கிண்டல்தான் பேராச்சு. 1920கள்ல அமெரிக்க விமானிகள் நடுவில் ஆரம்பிச்ச வழக்கம் இது. அலாஸ்காவில் ஆரம்பிச்சதுன்னு சிலர், ஊர் ஊராப் போய் சாகசம் காட்டின பறக்கும் சர்க்கஸ் ஆட்கள்னு சிலர், ஆளுக்கொரு கதை. இரண்டாம் உலகப் போரில்தான் இது காட்டுத்தீயாப் பரவியது.

விளையாட்டு இதுதான். நீங்க விமானத்தில் ஒரு சமுத்திரத்தைத் தாண்டுறீங்க. ஏற்கெனவே உறுப்பினரா இருக்கிற ரெண்டு மூணு பேர் உங்களைக் குழுவில் சேர்த்துக்கிறாங்க. அவங்களுக்கு ஆளுக்கு ஒரு டாலர் அழணும். இன்னொரு டாலர் நோட்டில் அவங்க கையெழுத்துப் போட்டு உங்ககிட்டயே கொடுப்பாங்க. அதுதான் உங்க மெம்பர்ஷிப் கார்டு. அப்புறம் உலகத்தில் எந்த பாரில் வச்சு எந்த உறுப்பினர் கேட்டாலும் அந்த நோட்டை எடுத்துக் காட்டணும். கையில் இல்லைன்னா, அங்க இருக்கிற உறுப்பினர் எல்லாருக்கும் சரக்கு உங்க செலவு. அதனால நோட்டை யாரும் வீட்டில் வச்சுட்டு வர மாட்டாங்க.

விமானிகளோட இது நிக்கலை. 1943 ஜனவரியில் காசாபிளாங்கா மாநாடு நடந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனார். பதவியில் இருக்கும்போது விமானத்தில் பறந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர்தான். கூடப் போன ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ் வச்சிருந்த நோட்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. போரை எப்படி நடத்தலாம்னு முடிவு பண்ணப் போன இடத்தில் இப்படி ஒரு விளையாட்டு!

எனக்கு என்னவோ சர்ச்சில் நோட்டை விட, பேர் தெரியாதவங்க நோட்டுதான் பிடிக்கும். காரணம் சொல்றேன். ஒரு நோட்டு நிரம்பிடுச்சுன்னா அடுத்து போன நாட்டின் நோட்டை அதன் நுனியில் டேப் போட்டு ஒட்டிக்குவாங்க. அது நிரம்பினா இன்னொண்ணு. இப்படியே நீண்டு, பாயைச் சுருட்டுற மாதிரி சுருட்டி வச்சுக்கிற அளவுக்கு வந்துடும். இந்தச் சுருளை விரிச்சு வரிசையாப் படிச்சா அது ஒரு மனுஷன் போன பாதை.

ஒரு சுருளைக் கற்பனை பண்ணிக்கோங்க. முதலில் அமெரிக்க டாலர். அடுத்து பிரேசில் நோட்டு. அப்புறம் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவின் ஷில்லிங். கடைசியா ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய ஒரு ரூபாய், அதோட சீன நோட்டு. புளோரிடாவில் கிளம்பி, பிரேசிலின் நட்டால், நடுக்கடலில் அசென்ஷன் தீவு, அக்ரா, கார்ட்டூம் வழியா கராச்சிக்கு வந்த பாதை இது. அமெரிக்கா இந்தியாவுக்கு விமானங்களை அனுப்பின தெற்கு அட்லாண்டிக் வழி அப்படித்தான் இருந்தது.

அந்த ஒரு ரூபாய்க்கும் ஒரு கதை உண்டு. வெள்ளித் தட்டுப்பாட்டால் 1940ல் அரசாங்கம் மறுபடியும் ஒரு ரூபாயைக் காகிதத்தில் அடிச்சது. நம்ம தாத்தா பாட்டி காலத்தில் இங்க காய்கறி வாங்கின அதே நோட்டு, அஸ்ஸாமில் அமெரிக்க விமானிகள் பையிலும் இருந்தது. சாபுவா, திஞ்ஜான் தளங்களில் இருந்து இமயமலையின் கிழக்கு ஓரத்தைத் தாண்டி சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டு போனவங்க அவங்க. அந்த வழிக்கு அவங்க வச்ச பேர் 'ஹம்ப்', அதாவது திமில். 1942ல் இருந்து 1945 வரைக்கும் அந்த வழியில் ஏறத்தாழ 600 விமானங்கள் விழுந்தன. அதனால ஒரு ரூபாய் நோட்டில் இருபது பேர் கையெழுத்து இருந்தா, இருபது பேரும் வீடு திரும்பினாங்கன்னு சொல்ல முடியாது. சிலர் கடைசியா எழுதிக் கொடுத்த எழுத்தாக்கூட அது இருக்கலாம்.

இதில் சந்தோஷமான விஷயம், இந்தப் பேர்களைத் தேட முடியும். காணாமல் போன விமானங்களைப் பத்தி அமெரிக்கப் படை 1943ல் இருந்து தனி அறிக்கைகள் எழுதி வச்சிருக்கு. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் அது இருக்கு. விமானத்தில் இருந்த ஒவ்வொருத்தர் பேரும் அதில் வரும். சுருளில் படிக்க முடியற ஒரு பேரும் ஊரும் கிடைச்சா, அங்கிருந்து நூல் பிடிச்சுப் போகலாம்.

இதனாலதான் எனக்கு ஒரு கோபம். பெரிய பேர் இல்லாத சுருளுக்குச் சந்தையில் பெரிய விலை வராது. அதனால சில வியாபாரிகள் டேப்பைப் பிரிச்சு, அபூர்வ நோட்டைத் தனியா, பிரபலத்தின் கையெழுத்தைத் தனியா வித்துடறாங்க. பிரிச்ச அந்த நிமிஷமே வரிசை போச்சு. யார் யாரை எந்த ஊரில் பார்த்தாங்கங்கிற தகவலும் அதோட போச்சு. மிச்சம் கொஞ்சம் பழைய காசும் சில கிறுக்கலும்தான்.

பெரிய பேர் இருந்தா போலிக்கும் வாய்ப்பு இருக்கு. நோட்டே காட்டிக் கொடுக்கிற இடங்கள் உண்டு. டாலரில் நிதி அமைச்சர் கையெழுத்து அச்சாகி இருக்கும். ஃப்ரெட் வின்சன் அந்தப் பதவிக்கு வந்தது 1945 ஜூலையில். அவர் கையெழுத்து உள்ள '1935பி' வரிசை நோட்டில் ஒருத்தர் '1943'னு தேதி போட்டிருந்தா, அதை அப்படியே கீழே வச்சுடுங்க. ரெண்டாவது, மை. அமெரிக்கக் கடைகளுக்கு பால்பாயிண்ட் பேனா வந்தது 1945 அக்டோபரில். பிரிட்டிஷ் விமானப்படையிடம் போர் நேரத்திலேயே கொஞ்சம் இருந்தது, அதனால அதை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லிட முடியாது. ஆனாலும் 1942 அமெரிக்கக் கையெழுத்து பால்பாயிண்டில் இருந்தா நான் சந்தேகப்படுவேன்.

நல்ல அடையாளமும் உண்டு. 1942ல் ஹவாய்க்குன்னு தனியா, பின்பக்கம் 'ஹவாய்'னு பெரிய எழுத்தில் அச்சடிச்ச டாலர் வந்தது. வட ஆப்பிரிக்காவுக்குப் போன படைக்கு, வழக்கமான நீல முத்திரைக்குப் பதிலா மஞ்சள் முத்திரை. எதிரி கையில் மொத்தமா சிக்கினா அந்த நோட்டை மட்டும் செல்லாதுன்னு அறிவிச்சிடலாம்ங்கிற ஏற்பாடு. சுருளில் இதுங்க வந்தா, அந்த ஆள் எந்தப் பக்கம் போயிருப்பார்னு ஒரு துப்பு கிடைக்கும்.

உங்களுக்கு ஒரு சுருள் கிடைச்சா, பழைய டேப் மஞ்சளாகி ஒட்டிக்கிட்டு இருக்கும். உரிக்கவே உரிக்காதீங்க, மையும் சேர்ந்து வந்துடும். லேமினேஷன் கூடவே கூடாது. பிவிசி கவரும் வேண்டாம், பாலியஸ்டர் உறைதான் சரி. முதல் வேலையா ரெண்டு பக்கமும் வரிசை கலையாம ஸ்கேன் எடுத்து வைங்க. மை வெளுத்துக்கிட்டே போகும். இன்னைக்குப் படிக்க முடியற பேரை அஞ்சு வருஷம் கழிச்சுப் படிக்க முடியாமப் போகலாம்.

அப்புறம், இதைக் கேட்டுட்டு இப்பப் புழக்கத்தில் இருக்கிற நோட்டில் யாரும் கையெழுத்துப் போட ஆரம்பிச்சிடாதீங்க. எழுதாதீங்கன்னு ரிசர்வ் வங்கி கேட்டுக்கிட்டே இருக்கு. ஆசையா இருந்தா பழைய நோட்டுக் கடைப் பக்கம் போங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.