நான்கு எல்லைகளும் ஒரு கொப்பியும்

2015ஆம் ஆண்டு சம்பூருக்குத் திரும்பிப் போன முதல் நாள், என் காணி எதுவென்று எனக்கே தெரியவில்லை. சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறந்து வளர்ந்த வளவு அது. கண்ணை மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வந்தவள் நான். அன்று வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. பற்றைக்காடு மட்டும் நின்றது.

2006இல் ஷெல்லடிக்குள் புறப்பட்டு, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி நலன்புரி நிலையத்தில் ஆண்டுக்கணக்காக இருந்தோம். உறுதி வைத்திருந்த சூட்கேஸ் வாகரைக்குப் போகும் வழியிலேயே தவறிவிட்டது. ஊர் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் கைத்தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டது. 2015இல் 818 ஏக்கரும், 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. பத்திரிகையில் அது ஒரு வரிச் செய்தி. அந்த ஏக்கர்களுக்குள் எந்தத் துண்டு யாருடையது என்பதைக் காட்ட வேண்டியவர்கள் நாங்கள்.

"உறுதி இல்லாவிட்டால் இலக்கத்தையாவது கொண்டு வாங்க அம்மா" என்றார்கள் அலுவலகத்தில். இலக்கத்தை யார் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்?

1990இல் தமிழ்நாட்டுக்குப் போய் முகாமில் தங்கிவிட்ட என் அக்கா தொலைபேசியில் பேசும்போது இந்தக் கதை வந்தது. "என்ர சீதன உறுதியின்ர போட்டோக் கொப்பி என்னட்டக் கிடக்குது" என்றா. ஐயா எங்கள் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே நொத்தாரிசிடம் வளவைப் பிரித்து எழுதியிருந்தார். அக்காவின் உறுதிக்கு அடுத்த இலக்கம் என்னுடையதாக இருக்க வேண்டும். அப்படியே இருந்தது.

சகோதரிகள் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது எங்கள் கையில் தருவது ஒரு பிரதி மட்டுமே. ஒரு பிரதி அவரிடம் இருக்கும். இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் திருகோணமலைப் பதிவகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். கையில் இருந்த கடதாசி தொலைந்ததால் காணி தொலைந்துவிடாது.

பிரதி வந்தது. அதை வாசித்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. உறுதியில் என் பெயரை விட அயலவர்களின் பெயர்கள்தான் அதிகம். கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் காணி என்று நான்கு எல்லைகள். அப்படியானால் என் காணிக்கான சாட்சி அயலவளின் உறுதியிலும் கிடக்கிறதல்லவா? உறுதி தப்பியவர்கள் நாலுபேர் சேர்ந்தால், தப்பாத பத்துப் பேருக்கு வழி பிறக்கும்.

ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினோம். ஒரு காணிக்கு ஒரு பக்கம். உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புக் காணியா? இலக்கம் என்ன, எத்தனை பேர்ச்சஸ்? (160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர், இதிலேயே எத்தனை பேர் ஏமாந்திருக்கிறோம்!) நான்கு எல்லைகள், கிணறு, நின்ற மரங்கள். மரங்களைச் சொன்னவர்கள் எங்கள் வயோதிபத் தாய்மார். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு ஆச்சி, எந்த வேலியில் எந்தப் புளி நின்றது, அது எந்த மழைக்குச் சரிந்தது என்று வரிசையாகச் சொன்னா. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தோம்பு எழுதியதும் ஊராரிடம் கேட்டுத்தானே!

பிறகு மகள் அதை இணையத்தில் ஒரு பொதுக் கோப்பாக்கினாள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பலர் சேர்ந்து எழுதுவதும் திருத்துவதும் போலத்தான் என்றாள். அக்கா முகாமிலிருந்து திருத்தினா. கனடாவில் உள்ளவர்கள் பழைய கல்யாணப் படங்களில் தெரிந்த வேலிகளைப் பார்த்துச் சொன்னார்கள். அடையாள அட்டை இலக்கமும் உறுதிப் படமும் அதில் போடக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். கள்ள உறுதி முடிப்பவனுக்கு நாங்களே வழிகாட்டக் கூடாதே.

சண்டையும் வந்தது. ஒரு கிணற்றை இருவர் தங்களுடையது என்றார்கள். ஒருத்தி எழுதியதை மற்றவள் அழித்தாள். அதன்பிறகு ஒருவரும் எதையும் அழிக்கக்கூடாது, மாற்றுக் கருத்தைக் கீழே பெயரும் திகதியும் போட்டு எழுத வேண்டும் என்று ஆக்கினோம். கொப்பி நீதிமன்றமல்ல. நில அளவையாளரிடமும் பதிவகத்திடமும் எதைக் கேட்பது என்பதை மட்டுமே அது சொல்லும்.

பிழை என் பக்கமும் இருந்தது. திரும்பி வந்ததும் நினைவை நம்பிக் கிழக்கு வேலியைப் போட்டவள் நான். அயலில் இருப்பவளும் என்னைப் போலவே கணவனை இழந்தவள். அவளது உறுதிப் பிரதி வந்தபோது மூன்று பனைகள் அவளது எல்லைக்குள் நின்றன. அளந்து பார்த்தோம், உண்மைதான். இரண்டு இரவு நித்திரையில்லை. மூன்றாம் நாள் கதியாலைப் பிடுங்கித் தள்ளி நட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. வந்து மறுபக்கத்தில் பிடித்தாள்.

அனுமதிப்பத்திரக் காணிக்காரர் பாடு வேறு. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்க முடியாது. கணவர் பின்னுரித்தாளராக உங்கள் பெயரைப் பதியாமல் இறந்திருந்தால், மனைவிக்கு ஆயுள்காலம் வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே உண்டு. பின்னுரித்தாளர் இல்லாத இடத்தில் மகளுக்கு முன் மகனை வைத்திருந்த அட்டவணையை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மாற்றியது. எங்களில் ஒருத்தி இதை அறிந்துதான் தன் மகளுக்காகத் திரும்பவும் பிரதேச செயலகப் படி ஏறினா.

கணவர் காணாமலாக்கப்பட்ட சகோதரிகள் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராமல் காணியையும் விட்டுவிடுகிறார்கள். இறந்தார் என்று எழுதாமலே, காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் இடம் கொடுத்தது. இதையும் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

தரகர்களும் வருகிறார்கள். போர் முடிந்த பிறகு நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் விலை ஏறியதை நாங்கள் கடைசியாகத்தான் அறிந்தோம். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாலும், "அற்றோணித் தத்துவம் மட்டும் போதும் அக்கா" என்றாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விற்பதுதான் முடிவென்றால், அயலில் என்ன விலைக்குப் போனது என்று முதலில் நாலு பெண்களிடம் கேளுங்கள். அந்த விலைகளுக்கும் எங்கள் கோப்பில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. ஆனால் விற்றவர்கள் உண்மை விலையைச் சொல்லத் தயங்குவதால் அது மெதுவாகத்தான் நிறைகிறது.

என் பக்கத்திலும் ஓர் இடம் வெறுமையாக உள்ளது. உறுதியில் தெற்கு எல்லைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தக் குடும்பம் எங்கே போனதென்று ஊரில் யாருக்கும் தெரியாது. பற்றையை வெட்டும்போது அந்தப் பக்கத்தில் ஒரு முழம் விட்டுத்தான் வெட்டுகிறேன்.