மலையும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும்!

போட்டோ எடுத்துக் கொள்ள யாருக்குத்தான் ஆசை இல்லை?

திருவண்ணாமலையை அடுத்து, வேலூர் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர். அங்கிருந்து பார்த்தால் அண்ணாமலை கம்பீரமாகத் தெரியும். 2,668 அடி உயர மலை அது. சாயங்காலத்தில் மலைக்குப் பின்னால் வானம் செம்மஞ்சளாக மாறும். பிறகு ஊதா. பிறகு கருநீலம். கண்கொள்ளாக் காட்சி!

"மலை தெரிகிற மாதிரி ஒரு படம் எடு" என்று தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். காமிரா 'கிளிக்' என்கிறது.

படத்தைப் பார்த்தால், வானம் இருக்கிறது. மலை இருக்கிறது. பாட்டியைக் காணோம்! கறுப்பு நிழல்தான் நிற்கிறது.

"பிளாஷ் போட்டு எடு!"

'பளிச்!' இப்போது பாட்டி இருக்கிறார். ஆனால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருக்கிறது. மலையைக் காணோம்!

இரண்டும் தெரியும்படி எடுக்க முடியாதா? முடியும். அதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

முகம் கறுப்பது ஏன்?

வேங்கிக்காலில் நிற்பவர்களுக்கு மலை தென்மேற்கே இருக்கிறது. சூரியனும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆகவே மலையைப் பின்னால் வைத்துக் கொண்டு நிற்பவரின் முதுகில்தான் வெளிச்சம் விழுகிறது. முகத்தில் விழுவதில்லை.

நம் கண் கெட்டிக்காரக் கண். பிரகாசமான வானத்தையும் பார்க்கும், நிழலில் இருக்கும் முகத்தையும் பார்க்கும். காமிராவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. வானத்துக்கு அளவு வைத்தால் முகம் கறுக்கும். முகத்துக்கு அளவு வைத்தால் வானம் வெளுக்கும். இன்றைய செல்போன்கள் பல படங்களை ஒன்றாகச் சேர்த்து ஓரளவு சமாளிக்கின்றன. ஆனாலும் முகத்தில் விழாத வெளிச்சத்தை அவை எங்கிருந்து கொண்டு வரும்?

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் ஊர் அந்தி அவசரக்கார அந்தி! லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைந்த பிறகு முக்கால் மணி நேரம் வரை நல்ல வெளிச்சம் இருக்கும். திருவண்ணாமலையிலோ இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். அங்கே சூரியன் சாய்வாக இறங்குகிறது. இங்கே கிட்டத்தட்ட நேராக இறங்குகிறது. ஆகவே எல்லா ஏற்பாடுகளையும் சூரியன் மறைவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

வீட்டுக்குத் தீ வைத்த விளக்கு

பிளாஷ் வெளிச்சத்துக்கு ஒரு கதை உண்டு. 1887-ல் ஜெர்மனியில் மீதே, கெடிக்கே என்ற இரண்டு பேர் மக்னீசியப் பொடியுடன் வேறு மருந்துகளைக் கலந்து, நொடியில் எரியும் வெளிச்சத்தை உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர், நியூயார்க் ஏழைகளின் இருண்ட குடியிருப்புகளை இந்த வெளிச்சத்தில் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார். அந்த வேலையில் இரண்டு முறை வீட்டுக்கே தீ வைத்து விட்டார்!

1929-30-ல் கண்ணாடி பல்பு வந்தது. ஒரு பல்பு, ஒரு படம். அப்புறம் தூக்கி எறிய வேண்டியதுதான். 1931-ல் அமெரிக்காவில் ஹெரால்ட் எட்ஜர்டன் மின்சார பிளாஷை உருவாக்கினார். இன்று காமிராவின் தலையில் உட்கார்ந்திருப்பது அந்தப் பரம்பரைதான்.

குழாயும் செம்பும்

இப்போது கணக்குக்கு வருவோம்.

குழாயடியில் ஒரு குடம் இருக்கிறது. குழாயில் தண்ணீர் மெல்ல விழுகிறது. அதிக நேரம் வைத்தால் அதிகத் தண்ணீர். குறைந்த நேரம் வைத்தால் குறைந்த தண்ணீர். வானத்து வெளிச்சம் இந்தக் குழாய் நீர் போன்றது.

நடுவில் நீங்கள் ஒரு செம்புத் தண்ணீரைச் சட்டென்று குடத்தில் ஊற்றுகிறீர்கள். குடம் குழாயடியில் எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒரு செம்பு ஒரு செம்புதான். பிளாஷ் வெளிச்சம் இந்தச் செம்பு நீர் போன்றது. அது மின்னி மறைய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.

ஆக, காமிராவின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ, அது வானத்துக்கும் மலைக்கும் உரிய அளவு. பிளாஷின் வேகம் முகத்துக்கு உரிய அளவு. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். அந்திப் படத்தின் ரகசியம் இவ்வளவுதான்!

செய்ய வேண்டியது என்ன?

முதலில் பிளாஷை அணைத்து விடுங்கள். வானத்தை மட்டும் பார்த்து அளவு வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதை விட வானம் கொஞ்சம் இருட்டாக விழட்டும். முகம் கறுப்பாக இருந்தால் கவலை வேண்டாம்.

அடுத்து பிளாஷைப் போடுங்கள். முழு வேகம் வேண்டாம். கால் பங்கில் ஆரம்பியுங்கள். ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முகம் மங்கலா? கொஞ்சம் கூட்டுங்கள். வெளுப்பா? குறையுங்கள்.

இருட்ட இருட்ட, பிளாஷில் கை வைக்காதீர்கள். ஷட்டர் நேரத்தை மட்டும் நீட்டுங்கள். ஒரு நொடியில் 125-ல் ஒரு பங்கு, பிறகு 60-ல் ஒரு பங்கு, பிறகு 30-ல் ஒரு பங்கு. 60-க்குக் கீழே போனால் கை நடுங்குவது படத்தில் தெரியும். முக்காலி வைத்துக் கொள்ளுங்கள். மிக வேகமான ஷட்டரும் கூடாது. பல காமிராக்களில் 200, 250-ல் ஒரு பங்குக்கு மேல் வேகம் போனால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும்.

செல்போன்தான் இருக்கிறதா? திரையில் முகத்தைத் தொட்டு, பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இன்னொருவர் தம் செல்போன் டார்ச்சின் முன்னால் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து, நான்கடி தூரத்தில் பக்கவாட்டிலிருந்து காட்டட்டும்.

எட்டடிக்குக் கால் பங்கு

பிளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போகச் சீக்கிரம் குறைந்து விடும். நான்கடியில் நிற்பவருக்கு ஒரு பங்கு கிடைத்தால், எட்டடியில் நிற்பவருக்குக் கால் பங்குதான் கிடைக்கும். முன் வரிசையில் பாட்டி, பின் வரிசையில் மாப்பிள்ளை என்று தள்ளித் தள்ளி நிறுத்தினால் பாட்டி வெளுப்பார், மாப்பிள்ளை கறுப்பார். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்.

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். உடனே கீழே ஆயிரக்கணக்கான செல்போன்கள் பளிச்சிடுகின்றன. அந்த வெளிச்சம் மலைக்குப் போகிறதா? முன்னால் நிற்பவரின் பின்னந்தலைக்குத்தான் போகிறது! தீபமே ஒரு விளக்கு. அதைப் படம் பிடிக்க இன்னொரு விளக்கு எதற்கு? பிளாஷை அணைத்து விடுங்கள்.

வெளுப்பது அழகா?

முக்கியமான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

பிளாஷ் வெளிச்சம் நடுப்பகல் வெயில் போல வெள்ளையானது. அந்தி வெளிச்சம் செம்மை கலந்தது. அதனால்தான் முகம் மட்டும் வெட்டி ஒட்டியது போலத் தெரிகிறது. பிளாஷின் மேல் இளம் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாளைக் கட்டினால் முகமும் வானமும் ஒத்துப் போகும். பிளாஷைக் காமிராவிலிருந்து எடுத்து, ஒரு கை தூரம் தள்ளி உயரமாகப் பிடித்தால் இன்னும் நல்லது. கண்ணில் சிவப்புப் புள்ளி விழாது. மூக்கும் கன்னமும் உருவத்தோடு தெரியும். வெள்ளைக் குடையில் பட்டுத் திரும்பும்படி செய்தால் வெளிச்சம் மிருதுவாகும்.

சிலர் இதையெல்லாம் விரும்புவதில்லை. "முகம் சிவப்பாகத் தெரியட்டும்" என்று பிளாஷை முழு வேகத்தில் வைக்கச் சொல்கிறார்கள். கலியாணப் பெண்ணுக்கு இந்தக் கொடுமை அதிகம். நெற்றி மின்னும், கன்னம் வெளுக்கும். படத்தில் இருப்பது யாரோ ஒரு பெண்!

குறை நம்மவர்களிடம் மட்டும் இல்லை. கோடக் கம்பெனி பல ஆண்டுகள் வரை, கலர் படத்தின் நிறம் சரியா என்று பார்க்க, வெள்ளைக்காரப் பெண்ணின் படம் உள்ள அட்டையையே ஸ்டூடியோக்களுக்கு அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் நிறம் சரியாக வந்தால் போதும் என்று இருந்தார்கள். கறுத்த முகங்கள் விவரம் இல்லாமல் இருண்டு கிடந்தன. பின்னால்தான் பல நிறத்தவர் படங்களும் அட்டையில் இடம் பெற்றன.

கறுத்த முகத்துக்கு வேண்டியது வெளுப்பு அல்ல, தக்க வெளிச்சம். மிருதுவான, பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த முகத்தின் பளபளப்பும் சுருக்கமும் சிரிப்பும் அப்படியே விழும்.

பிளாஷ் வேண்டாத இடம்

பிளாஷே வேண்டாம் என்று இருந்த மேதையும் உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் பிடித்தார். இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பதே அவர் வழக்கம். பூஜை நேரம், தூங்கும் குழந்தை, நோயாளி, துக்க வீடு. இங்கெல்லாம் அவர் வழியே நல்ல வழி.

வாசகர்களே! வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தா, பாட்டி படங்களைப் பாருங்கள். அவற்றில் பல, ஏதோ ஒரு விசேஷத்தில் அவசரமாக எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்தவையாக இருக்கும். பேரப் பிள்ளைகளுக்கு அந்த முகம்தான் மிச்சம். ஆகவே அடுத்த முறை பாட்டியை மலைக்கு முன்னால் நிறுத்தும்போது ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். வானத்துக்கு ஓர் அளவு, முகத்துக்கு ஓர் அளவு வையுங்கள். பாட்டி பாட்டியாகவே படத்தில் இருப்பார்.