கறுப்புப் புகையும் காபரேட்டர் ஸ்குரூவும்

"என்னா தம்பி, வண்டி இப்பிடிப் புகையுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லண்ணே, ஸ்குரூவ கொஞ்சம் திருப்பினா சரியாப் போயிரும்" என்று பதில் வரும். இந்தப் பதிலை எத்தனையோ தோட்டங்களில் கேட்டாகிவிட்டது. திருப்பியும் விடுவார்கள். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் ஏதாவது ஒரு மேட்டில் நின்றுவிடும்.

இன்று நமது லயங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் முச்சக்கர வண்டிகளில் பல, கொழுந்தெடுத்த அம்மாவின் சேமலாப நிதிப் பணத்தை முற்பணமாகக் கட்டி லீசிங்கில் எடுத்தவை. எஞ்சின் பழுதானாலும் மாதத் தவணை நிற்காது. ஆகவே இந்தக் கட்டுரை வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. அதற்குப் பணம் கொடுத்த பெற்றோரும் வாசிக்க வேண்டும்.

அடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகை அள்ளித் திணித்தால் நெருப்பு எரியாது, புகைதான் வரும். ஊதுகுழலை எடுத்து ஊதினால்தான் பற்றும். எஞ்சினும் அப்படித்தான். 1 கிலோ பெற்றோல் ஒழுங்காக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் எடை முக்கால் கிலோ அளவில்தான் இருக்கும். அதை எரிக்கக் கடல் மட்டத்தில் சுமார் 9,000 லீற்றர் காற்றை எஞ்சின் இழுக்கிறது! இந்த இரண்டையும் அளந்து கலக்கும் சாமான்தான் காபரேட்டர்.

பெற்றோல் கூடினால் கராஜ்காரர்கள் 'ரிச்' என்பார்கள். கறுப்புப் புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், பெற்றோல் செலவு ஏறும். காற்று கூடினால் 'லீன்'. புகை வராது, செலவும் குறைவது போலத் தெரியும். ஆனால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். வால்வு கருகும், சில வேளை பிஸ்டனே ஓட்டையாகும். ரிச் பணத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்னும், லீன் ஒரேயடியாகத் தின்னும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் லீன்தான் என்று சொல்வேன்.

புகையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, அதற்கும் கலவைக்கும் சம்பந்தமில்லை. குளிர் காலையில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. எஞ்சின் சூடானதும் அது நின்றுவிட்டால் பயமில்லை.

மலைநாட்டில் இருக்கும் நமக்கு இன்னொரு தனிக் கதை உண்டு. உயரம் கூடக்கூடக் காற்று இலேசாகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டருக்கு இது தெரியாது. அது கீழே கொடுத்த கணக்கிலேயே பெற்றோலைக் கொடுக்கும். அதனால் கொழும்பில் செட் பண்ணிய வண்டி கினிகத்தேனை தாண்டி ஹட்டனுக்கு வந்து, பிறகு நானுஓயா மேடு ஏறும்போது கொஞ்சங் கொஞ்சமாக ரிச் ஆகிறது. கீழே நல்ல வண்டி என்று வாங்கி வந்தது இங்கே புகைத்தால், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே நினைக்க வேண்டாம். இங்கே செட் பண்ணிய வண்டி கீழே போனால் லீன் ஆகும். ஆகவே மேலே ஓட்டிய வண்டியைக் கொழும்புப் பக்கம் வைத்து ஓட்டப் போகிறவர்கள் அங்கே போனதும் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, வண்டி புகைக்கிறது. என்ன செய்வது? ஸ்குரூவில் கை வைக்காதீர்கள். முதலில் சோக்கைப் பாருங்கள். குளிருக்கு இழுத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுத் திருப்பி விட மறந்துபோவது நமது பக்கத்தில் தினமும் நடக்கிற காரியம். "அட, சோக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் பலர். அடுத்து எயார் பில்டர். தோட்டத்து ரோட்டுத் தூசி அடைத்தால் காற்று போகாது, வண்டி ரிச் ஆகத்தான் ஓடும். பில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது வைத்தியம் அல்ல. உள்ளே போகும் தூசி சிலிண்டரை அரைத்துவிடும். பிறகு காபரேட்டரையும் எஞ்சினையும் சேர்க்கும் ரப்பரைப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தால் களவாகக் காற்று போய் லீன் ஆகும். எஞ்சின் ஓடும்போது வெடிப்பு இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கேதான் பழுது. சிலர் பெற்றோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். தீப்பிடிக்கும், செய்யாதீர்கள்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் நல்ல சாட்சி. வண்டியைக் கொஞ்ச தூரம் மேட்டில் ஓட்டி, நிறுத்தியவுடன் எஞ்சினை ஓப் பண்ணி, சூடு ஆறியதும் கழற்றுங்கள். நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் கலவை சரி. காய்ந்த கரி போல் கறுத்திருந்தால் ரிச். வெள்ளையாக வெளுத்திருந்தால் லீன்.

இவ்வளவும் சரியாக இருந்து, நிற்கும் வண்டி மட்டும் இழுத்து இழுத்து ஓடினால் அப்போது ஸ்குரூவுக்கு வரலாம். எந்த ஸ்குரூ என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஸ்குரூ காபரேட்டரின் எயார் பில்டர் பக்கத்தில் இருந்தால் அது காற்று ஸ்குரூ. வெளியே திருப்பினால் லீன் ஆகும். எஞ்சின் பக்கத்தில் இருந்தால் அது கலவை ஸ்குரூ. வெளியே திருப்பினால் ரிச் ஆகும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். நண்பன் வண்டிக்குச் செய்ததை உங்கள் வண்டிக்கும் செய்தால் நிலைமை தலைகீழாகும்.

எஞ்சினைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டுச் சூடாக்குங்கள். ஸ்குரூ இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள், பிழைத்தால் திரும்பிவர அதுதான் வழி. உள்ளே மெதுவாக முட்டும்வரை திருப்பி எண்ணலாம். இறுக்கினால் நுனி கெட்டுவிடும். பெரும்பாலும் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையில் இருக்கும், ஆனால் உங்கள் வண்டிப் புத்தகம் சொல்வதே கணக்கு. பிறகு கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். எஞ்சின் ஓட்டம் ஏறும், ஓரிடத்தில் உச்சத்துக்கு வந்து, அதைத் தாண்டினால் இறங்கும். அந்த உச்சம்தான் இடம். அதிலே விட்டு, ஓட்டம் கூடிவிட்டால் மற்ற ஸ்குரூவால், அதாவது ஆக்சிலேட்டரைத் தாங்கும் ஸ்குரூவால், குறையுங்கள். கடைசியில் ஆக்சிலேட்டரை ஒரு தரம் முறுக்கி விடுங்கள். ஓட்டம் இறங்காமல் தொங்கி நின்றால் லீன். தடாலென்று விழுந்து நின்றுபோகப் பார்த்தால் ரிச்.

இந்த ஸ்குரூ, நிற்கும்போதும் கால்வாசி ஆக்சிலேட்டர் வரையிலும்தான் வேலை செய்யும். மேட்டில் முழுதாக முறுக்கி ஏறும்போது பெற்றோலை அளப்பது காபரேட்டருக்குள் இருக்கும் ஊசியும் பெரிய ஜெட்டும். 2022இல் பெற்றோல் இல்லாமல் கியூவில் கிடந்து, கியூ ஆர் முறையில் முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் என்று கிடைத்த நாட்களில், "மிச்சம் புடிக்கலாம்" என்று ஸ்குரூவை லீன் பக்கம் திருப்பியவர்கள் உண்டு. மேட்டில் அது ஒன்றையும் மிச்சப்படுத்தவில்லை. சிலர் மண்ணெண்ணெயும் கலந்தார்கள். அதற்கான செலவைப் பிறகு கராஜில் கட்டினார்கள். மேட்டில் மட்டும் புகைக்கிற வண்டியைத் தெரிந்த பாஸிடம் காட்டுங்கள். அது திருப்புளி வேலை அல்ல.

அம்மாமார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெற்றோல் முழுதாக எரியாதபோது கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு கூடுதலாக வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காக வண்டியைத் தகர ஷெட்டுக்குள் நிறுத்தி, கதவைச் சாத்தி, சூடாகட்டும் என்று ஓடவிடுவது ஆளைக் கொல்லும். பிள்ளைகள் தூங்கும் காம்பிராவின் ஜன்னலுக்குப் பக்கத்திலும் ஓடவிடக் கூடாது. யாருக்காவது தலையிடி, மயக்கம், வாந்தி என்றால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் பெற்றோல் வண்டியில் இதே வாயுவைத்தான் அளக்கிறார்கள். ஆகவே பிளக், பில்டர், கலவை இவற்றைப் பரிசோதனைக்கு முதல் வாரமே பார்த்துக்கொள்வது நல்லது.

புதிய கார்களில் இந்த ஸ்குரூ கிடையாது. சைலன்சர் குழாயில் உள்ள ஒக்சிஜன் சென்சர் பார்த்துச் சொல்ல, கொம்பியூட்டர் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். அதில் எஞ்சின் லைட் எரிந்தால் திருப்புளியைத் தேட வேண்டாம், ஸ்கேன் பண்ணும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.