தொண்டுத் தலைமையும் சேய்மைக் கல்வியும்

திருச்சபைத் தலைவர்களைப் பயிற்றும் இறையியற் கல்லூரிகள் பல, 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது இணையவழிக் கற்பித்தலை மேற்கொண்டன. முகங்காணா மாணவர்க்குத் தலைமைப் பண்பைக் கற்பித்தல் இயலுமோ என்னும் வினா அதனால் வலுப்பெற்றது. இவ்வினாவைக் கிறித்தவ நோக்கில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறித்தவ மறையில் தலைமை என்பது தொண்டின் வேறன்று. மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், பெரியவனாக விரும்புவோன் பணி செய்வோனாதல் வேண்டுமென இயேசு அறிவுறுத்துகின்றார். அங்கு வரும் டியாகொனொஸ் என்னும் கிரேக்கச் சொல்லைத் தமிழ் விவிலியத்தின் பழைய திருப்புதல் 'பணிவிடைக்காரன்' எனப் பெயர்த்தது. பிலிப்பியர் மடலில் அதனையே 'உதவிக்காரர்' என்றது. அடிமையைக் குறிக்கும் டூலொஸ் என்பதோ மாற்குவில் 'ஊழியக்காரன்' ஆயிற்று. இன்றைய தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'ஊழியக்காரர்' என்பது மேடைக்குரியாரைச் சுட்டும் மதிப்புப் பெயராய் விளங்குகின்றது. மொழிநூலார் இத்தகு மாற்றத்தை உயர்பொருட்பேறு என்பர். சொல் உயர்ந்தது, அது சுட்டிய செயலும் உடன் உயர்ந்ததோ என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஆசிரியர் முதலில் மாணவரின் கால்களைக் கழுவுகின்றார். பின்னரே அதன் பொருளை விளக்குகின்றார். செயல் முன்னும் சொல் பின்னுமாக அமைந்த கல்வி அது. சேய்மைக் கல்வியில் இம்முறை தலைமாறுகின்றது. விளக்கம் முதற்கண் வந்து சேர்கின்றது. செயல் மாணவனிருக்கும் இடத்தில் நிகழ்தல் வேண்டும். நிகழாதொழியின் சொல் மட்டுமே எஞ்சும். இவ்விடர்ப்பாடு இணையத்தால் புதிதாக வந்ததன்று.

பவுல் தாம் உடனில்லாத சபைகட்கு மடல் வாயிலாகவே வழிகாட்டினார். ஆயினும் மடலொன்றே போதுமென அவர் கருதினாரல்லர். தெசலோனிக்கேயர்க்கு எழுதிய முதல் மடல் கி.பி. 50ஐ ஒட்டியதென்பர். அச்சபையைத் திடப்படுத்தத் தீமோத்தேயுவை முன்னரே அனுப்பிய செய்தி அதனுள் காணப்படுகின்றது. எழுத்துச் சென்ற இடத்திற்கு ஆளும் சென்றமை கருதத்தக்கது.

தமிழகத்தில் இதற்கு நேரிய சான்று 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் இயற்றிய 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலாகும். ஈண்டு வேதியர் என்பார் அந்தணர் அல்லர். வேதம் போதிக்கும் உபதேசியார். மதுரை மறைப்பணித்தளத்தில் குருமார் சிலர், ஊர்களோ பல. குரு வாராத நாள்களில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தலும் மறையறிவு புகட்டுதலும் உபதேசியார் கடனாயின. கண்காணிப்பார் அருகில்லாத நிலையில் தலைமை தாங்குவோர்க்கு எழுந்த அந்நூலின் பெயர் 'வேதியர் அறிவு' என்றன்று, 'ஒழுக்கம்' என்றே அமைந்தது. ஆசிரியர் உடனிருந்து காட்ட இயலாததனை எழுத்தால் நிரப்ப முயன்ற முயற்சியாக அதனைக் கொள்ளலாம்.

குவாத்தமாலா நாட்டுப் பிரெசுபிட்டேரியன் இறையியற் பள்ளி 1963இல் வேறொரு வழி கண்டது. சிற்றூர்ச் சபைகளை நடத்தியோர் நிலத்தையும் குடும்பத்தையும் விட்டுக் கல்லூரியில் வந்து தங்க இயலாதவர்; தங்கிப் பயின்ற இளைஞருள்ளும் சிற்றூர்க்குத் திரும்பாதார் பலர். ஆகவே பள்ளியே அவர்பாற் சென்றது. தாமே பயிலும் பாடநூல், தம் சபையில் ஆற்றும் பணி, ஆசிரியரோடு குறித்த நாளில் கூடும் கூட்டம் என மூன்றுறுப்பாக அக்கல்வி அமைந்தது. இம்முறையைத் தழுவி இந்தியாவில் தாஃப்டீ என்னும் அமைப்பு 1971இல் பெங்களூரில் தோன்றியது.

இணையம் இம்மூன்றனுள் முதலாவதையும் மூன்றாவதையும் எளிதாக்குகின்றது. பாடம் நொடியில் சேர்கின்றது. ஆசிரியர் முகமும் குரலும் திரையில் கிடைக்கின்றன. நடுவுறுப்பாகிய பணியை மட்டும் அதனால் தர இயலாது. அவ்வுறுப்பு இல்வழித் தலைமைக் கல்வி தேர்வுக் கல்வியாய் முடியும்.

முகங்கண்டு பயிற்றும் விடுதிக் கல்லூரியே சிறந்ததெனச் சிலர் கூறுவர். ஆசிரியரோடு உண்டு உறைந்து பெறும் பயிற்சி மறுக்கத்தக்கதன்று. எனினும் விடுதி மாணவன் ஆசிரியர்க்கு அணியன்; தான் தொண்டு செய்தற்குரிய மக்கட்குச் சேயன். இணையவழி மாணவனோ ஆசிரியர்க்குச் சேயனாயினும் அம்மக்கட்கு அணியனாதல் கூடும். அவ்வண்மையைக் கல்வியின் பகுதியாக்குதலே செய்யத்தக்கது. சபையொன்றில் பணியேற்றோரையே மாணவராகச் சேர்த்தலும், அவ்வூர் மூத்தார் ஒருவரைத் துணையாசிரியராகக் கொள்ளுதலும், மதிப்பீட்டில் தொண்டு பெற்றார் கூற்றிற்கும் இடமளித்தலும் அதற்குரிய வழிகளாம்.

ஒருவன் பணிவிடைக்காரனா என்பதை ஆசிரியரினும் பணிவிடை பெற்றாரே நன்கறிவர். அவர்தம் சொல்லுக்கு இடந்தரும் இணையவழிக் கல்வி, 'ஊழியம்' என்னும் சொல்லுக்கு அதன் பழம் பொருளை மீட்டுத்தரும் என்பது நம் துணிபு.