எஃப் கார்ட் வரலையா? முதல்ல கிட்டாரை அளந்து பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. கிட்டாரில் வாசித்துக் காட்டிய பகுதிகளுக்குப் பதிலாக விளக்கம் சேர்க்கப்பட்டுள்ளது.)

இந்த வாரம் பேசறதுக்கு நான் வேற ஒரு தலைப்பு எழுதி வெச்சிருந்தேன். அதைத் தள்ளி வெச்சுட்டேன். காரணம், ஒரு நேயர்கிட்ட இருந்து வந்த வாய்ஸ் மெசேஜ். அவங்க சம்மதத்தோட அதோட சாராம்சத்தை மட்டும் சொல்றேன்.

"தம்பி, எனக்கு 46 வயசு. பையனுக்கு வாங்கின கிட்டார், அவன் காலேஜுக்குப் போனதுக்கப்புறம் ரெண்டு வருஷமா பீரோ மேல கிடந்துச்சு. அஞ்சு மாசமா நான் எடுத்துப் பழகுறேன். இ மைனர், ஜி, டி எல்லாம் வருது. எஃப் மட்டும் வரவே மாட்டேங்குது. என் விரல் குட்டை. வயசும் ஆச்சு. வித்துடலாம்னு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க?"

நான் அவங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அக்கா, கிட்டாரைப் பக்கவாட்டுல வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, விரலை இல்ல." போட்டோ வந்தது. பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல அவ்வளவு இடைவெளி. அந்தக் கிட்டார்ல நான் எஃப் பிடிச்சாலும் அஞ்சு நிமிஷத்துல கை விட்டுப்போயிடும்.

இந்தக் கதை எனக்குப் புதுசு இல்ல. என் முதல் கிட்டாரும் இப்படித்தான். வித்த கடைக்காரர் "பழகப் பழகச் சரியாயிடும்"னு சொன்னார். நானும் நம்பினேன். ரெண்டு மாசம் விரல் கிழியப் பழகிட்டு, "நமக்கு ஞானம் இல்ல"ன்னு கட்டிலுக்கு அடியில தள்ளினேன். நாலு வருஷம் அங்கேயே கிடந்தது. நண்பன் ஒருத்தன் வந்து எடுத்துப் பார்த்துட்டு, "டேய், இது கிட்டாரா, வில்லா?"ன்னு கேட்டான். அதனால இன்னைக்கு விரல் பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் மரத்தையும் கம்பியையும் பத்திப் பேசிடுவோம்.

கம்பி ஃப்ரெட்டுக்கு மேல எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கறதைத்தான் 'ஆக்ஷன்'னு சொல்றாங்க. 12-ஆவது ஃப்ரெட்ல, அந்த உலோகப் பட்டையோட உச்சியில இருந்து கம்பியோட அடிப்பக்கம் வரைக்கும் அளக்கணும். ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார்னா, தடிமனான ஆறாவது கம்பிக்கு ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர், மெல்லிசான முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டர் இருந்தா கை நோகாம வாசிக்கலாம்.

அளக்க ஸ்கேல் சரிப்படலைன்னா பர்ஸைத் திறங்க. ஒரு ஏடிஎம் கார்டோட தடிமன் 0.76 மி.மீ. (எழுத்து துருத்திக்கிட்டு இருக்கற பழைய கார்டு வேணாம், வழவழன்னு இருக்கறதை எடுங்க.) மூணு கார்டை அடுக்கி 12-ஆவது ஃப்ரெட் மேல, ஆறாவது கம்பிக்கு அடியில நுழையுங்க. கம்பியை லேசா உரசிக்கிட்டுப் போனா நல்லது. நாலு கார்டு எங்கயும் படாம சுலபமா நுழையுதுன்னா 3 மி.மீ.யைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அக்கா வீட்டுக் கிட்டார்ல ஆறு கார்டு போச்சு. நாலரை மில்லிமீட்டருக்கு மேல!

இவ்வளவு உயரமா இருந்தா ரெண்டு தொல்லை. ஒண்ணு வலி. இன்னொண்ணு பலருக்குத் தெரியறதில்ல. உயரத்துல இருக்கற கம்பியைக் கீழ அழுத்தும்போது அது கூடுதலா இழுபடும், ஸ்ருதி ஏறிடும். ட்யூனர்ல எல்லாக் கம்பியும் சரியா இருக்கும், ஆனா கார்ட் பிடிச்சா அபஸ்வரமா கேட்கும். "எனக்குக் காது சரியில்ல போல"ன்னு நினைச்சுக்குவீங்க. உங்க காது சரியாத்தான் கேட்டிருக்கு.

ஏன் இப்படி ஆகுது? 12-53 அளவு ஸ்டீல் கம்பி செட் ஒண்ணு, ஆறும் சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ எடைக்குச் சமமான விசையோட கழுத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். ராத்திரி பகலா. நம்ம ஊர் வெயில்ல, மொட்டைமாடிக்குக் கீழ இருக்கற ரூம்ல, பீரோ மேல ரெண்டு கோடைக்காலம் கிடந்தா கழுத்து வளையும், பிரிட்ஜ் பக்கம் பலகை புடைக்கும். வெயில்ல நிறுத்தின கார்ல விட்டுட்டுப் போனா இன்னும் மோசம், பசையே இளகிடும்.

சரி பண்ணலாமா? பெரும்பாலும் பண்ணலாம். கழுத்துக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அதைத் திருகி வளைவைச் சரி பண்ணுவாங்க. பிரிட்ஜ்ல இருக்கற வெள்ளைப் பட்டை, அதாவது சேடில், அதோட அடிப்பக்கத்தை உப்புக்காகிதத்துல தேய்ச்சு உயரத்தைக் குறைப்பாங்க. இங்க ஒரு கணக்கு இருக்கு. 12-ஆவது ஃப்ரெட் கம்பியோட சரிபாதியில இருக்கு. அதனால அங்க 1 மி.மீ. குறையணும்னா சேடில்ல 2 மி.மீ. தேய்க்கணும். சேடில் ஏற்கெனவே குட்டையா இருந்தா இந்த வேலை நடக்காது. யூட்யூப் பார்த்து நீங்களே ட்ரஸ் ராடைத் திருகாதீங்க, முதல் தடவை தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. கடையில "செட்டப் பண்ணித் தாங்க"ன்னு கேட்டாலே புரியும்.

இன்னொரு இடமும் இருக்கு. நட். கம்பிகள் தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கற அந்தச் சின்ன வெள்ளைப் பட்டை. அதுல பள்ளம் ஆழமா இல்லைன்னா முதல் ஃப்ரெட்ல அழுத்தறது பெரும்பாடு. எஃப் எங்க இருக்கு? அதே முதல் ஃப்ரெட்லதான்! சோதிச்சுப் பாருங்க: எஃப் பிடிக்கிற அதே கை வடிவத்தை அப்படியே அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்துங்க. அது ஏ மேஜர் ஆகும். அங்க ஓரளவு சுத்தமா ஒலிச்சு, முதல் ஃப்ரெட்ல மட்டும் செத்துப்போகுதுன்னா, உங்க விரல் மேல பழி போடாதீங்க. நட் பக்கத்துல கம்பி கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும், அது இயல்பு. ஆனா வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருந்தா நட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

கடைக்குப் போக நேரமில்லையா? இப்பவே வீட்டுல செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. ஆறு கம்பியையும் ஒரு முழு டோன் இறக்கி வைங்க. இ இருந்த இடத்துல டி. கம்பியோட இறுக்கம் ஸ்ருதியோட இருமடிக்கு ஏத்த மாதிரி மாறும். அதனால ரெண்டு செமிடோன் இறக்கினாலே இறுக்கம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைஞ்சிடும். பாட்டோட சேர்ந்து வாசிக்கணும்னா ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ போடுங்க, பழைய ஸ்ருதி வந்துடும். கேப்போ போட்டதும் நட்டோட கோளாறும் விலகிடும். அடுத்த தடவை கம்பி மாத்தும்போது 12-க்குப் பதிலா 10-ல ஆரம்பிக்கிற செட் வாங்குங்க. சத்தம் கொஞ்சம் மெலியும், பரவாயில்ல. (நைலான் கம்பி போட்ட க்ளாசிக்கல் கிட்டார் வெச்சிருக்கீங்களா? அதுல ஸ்டீல் கம்பி மட்டும் போட்டுடாதீங்க. அந்த இழுவையை அது தாங்காது, பிரிட்ஜ் பிய்ச்சுக்கிட்டு வந்துடும்.)

"இதெல்லாம் ஏமாத்து வேலை, கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கணும்"னு சொல்ற அண்ணன்மார் இருப்பாங்க. அவங்களுக்கு டோனி அயோமி கதையைச் சொல்லுங்க. இங்கிலாந்துல பர்மிங்காம்காரர், ப்ளாக் சாபத் குழுவோட கிட்டாரிஸ்ட். 17 வயசுல தகடு வெட்டற தொழிற்சாலையில வலது கையில ரெண்டு விரல் நுனி துண்டாயிடுச்சு. அவர் இடது கைப் பழக்கக்காரர், அதனால கம்பியை அழுத்தற கையே அதுதான். மனசு ஒடிஞ்சு கிடந்தவருக்கு தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசிச்சது ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல தீ விபத்துல இடது கையோட ரெண்டு விரல் முடங்கிப்போனவர், மிச்ச ரெண்டு விரல்ல சோலோ வாசிச்சவர். அதைக் கேட்டுட்டு அயோமி ப்ளாஸ்டிக்கை உருக்கி விரல் தொப்பி செஞ்சுக்கிட்டார். மெல்லிசான கம்பி போட்டார், கடையில கிடைக்காதப்ப பேஞ்சோ கம்பியையும் சேர்த்துக்கிட்டார். 1971-ல வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல சில பாட்டுக்கு மூணு செமிடோன் இறக்கியே வாசிச்சார். ஹெவி மெட்டலோட அந்தக் கனமான ஒலியில இதுக்குப் பங்கு இருக்கு.

இப்ப எஃப்புக்கு வருவோம். எல்லாரும் செய்யற தப்பு, ஆள்காட்டி விரலால ஆறு கம்பியையும் இரும்புப் பிடியா அழுத்தணும்னு நினைக்கறது. எண்ணிப் பாருங்க. அஞ்சாவது கம்பியில மோதிர விரல், நாலாவதுல சுண்டு விரல், மூணாவதுல நடுவிரல் இருக்கு. அப்ப ஆள்காட்டி விரல் உண்மையிலேயே ஒலிக்க வைக்க வேண்டியது ஆறாவது, ரெண்டாவது, முதல் கம்பி. மூணே மூணு. நடுவுல விரல் பள்ளமா இருந்தாலும் கவலை இல்ல. விரலைத் தட்டையா வைக்காம, கட்டைவிரல் பக்கமா லேசாச் சாய்ச்சு, எலும்பு இருக்கற ஓரம் கம்பியில படற மாதிரி வைங்க. ஃப்ரெட்டை ஒட்டி, அதுக்குச் சற்றுப் பின்னாடி. கட்டைவிரலால நசுக்காதீங்க. முழங்கையை லேசாப் பின்னாடி இழுத்தா கையோட எடையே அழுத்திக் கொடுக்கும்.

அதுவரைக்கும் பாட்டை நிறுத்தி வைக்காதீங்க. மேல இருக்கற நாலு கம்பியில மட்டும் சின்ன எஃப் பிடிக்கலாம். அதுவும் வரலைன்னா முதல் கம்பியைத் திறந்து விட்டு எஃப் மேஜர் செவன். கேட்க இன்னும் இனிமையாவே இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

கார்ட் மாத்தறது பத்திச் சுருக்கமா. சி-யில இருந்து ஏ மைனருக்குப் போக மூணு விரலையும் தூக்கறவங்களைப் பார்த்திருக்கேன். மோதிர விரல் ஒண்ணு நகர்ந்தா போதும், மத்த ரெண்டும் அதே இடம். ஏ மைனர்ல இருந்து இ மேஜருக்கு அதே வடிவம், ஒரு கம்பி மேல தள்ளினா முடிஞ்சது. இப்படி எது நகரலைன்னு பார்த்துப் பழகுங்க. அப்புறம் ஒரு நிமிஷம் டைமர் வெச்சு, ரெண்டு கார்ட்டுக்கு நடுவுல எத்தனை தடவை மாத்தறீங்கன்னு எண்ணித் தேதியோட எழுதி வைங்க. யூட்யூப்ல பாடம் நடத்தற ஜஸ்டின் சாண்டர்கோ பரப்பின பயிற்சி இது. இன்னைக்கு 14, அடுத்த வாரம் 23ன்னு நோட்டுல பார்க்கும்போது வித்தியாசம் தெரியும்.

வலது கை நிக்கக் கூடாது. நான் ரொம்ப வலியுறுத்தற விஷயம் இது. இடது கை கார்ட்டைத் தேடறப்ப வலது கையும் காத்துக்கிட்டு நிக்குது பாருங்க, அங்கதான் பாட்டு உடையுது. கம்பிகளை இடது கையால லேசா மூடிக்கிட்டு, 'த க தி மி'ன்னு வாயால சொல்லிக்கிட்டே வெறும் ஸ்ட்ரம்மிங் பண்ணுங்க. 'த' கீழ, 'க' மேல, 'தி' கீழ, 'மி' மேல. நம்ம சினிமாப் பாட்டுல நிறைய 'தகிட தகிட' நடையில போகும், அதையும் தனியாப் பழகுங்க. கார்ட் தப்பானாலும் கை ஓடிக்கிட்டே இருக்கணும். 'மூடுபனி' படத்துல, 1980-ல வந்த 'என் இனிய பொன் நிலாவே' பாட்டோட ஆரம்பத்தைக் கேட்டுப் பாருங்க. கிட்டார் எவ்வளவு நிதானமா, விடாம ஓடுது!

வலியைப் பத்திச் சொல்லாம முடிக்கக் கூடாது. விரல் நுனி எரியறது சகஜம். மூணு நாலு வாரத்துல தோல் காய்ச்சுப்போயிடும். தினம் 15 நிமிஷம் பழகினா காய்ப்பு வரும், ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் பழகினா கொப்புளம்தான் வரும். பாத்திரம் கழுவின, குளிச்ச ஈரக் கையோட உடனே உட்காராதீங்க, ஊறின தோல் சீக்கிரம் கிழியும். ஆனா மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போறது, முன்னங்கையில சுருக்குனு இழுக்கறது, இதெல்லாம் வேற விஷயம். அன்னைக்கு நிறுத்திடுங்க. திரும்பத் திரும்ப வந்தா டாக்டரைப் பாருங்க. "தாங்கிக்கிட்டு வாசி"ங்கற அறிவுரையை யார் சொன்னாலும் கேட்காதீங்க.

அக்கா விஷயத்துக்கு வரேன். அவங்க கிட்டாரைக் கடையில கொடுத்தாங்க. ட்ரஸ் ராடைத் திருகி, சேடிலைத் தேய்ச்சு, 10 செட் கம்பி மாத்திக் கொடுத்தாங்க. இப்ப மூணு கார்டு உரசிக்கிட்டுப் போகுதாம். நேத்து ஒரு வீடியோ அனுப்பினாங்க. எஃப்ல ரெண்டாவது கம்பி இன்னும் 'டொக்கு'ன்னுதான் விழுது. மத்த அஞ்சும் கேட்குது. பொங்கல் லீவுக்குப் பையன் வரான், "கிட்டாரை எங்கிட்ட கொடும்மா"ன்னு கேட்டிருக்கான். இவங்க "நீ வேற ஒண்ணு வாங்கிக்கோ"ன்னு சொல்லிட்டாங்களாம்.

அக்கா, அந்த ரெண்டாவது கம்பிக்கு: ஆள்காட்டி விரலை ஒரு நூல் அளவு மேலயோ கீழயோ நகர்த்திப் பாருங்க. விரல் மடிப்புக் கோடு சரியா அந்தக் கம்பி மேல விழுது, வீடியோவுல தெரியுது. அடுத்த எபிசோட்ல ட்யூனர் இல்லாம காதால ஸ்ருதி சேர்க்கறது எப்படின்னு பார்க்கலாம். வணக்கம்.