உயர்தெளிவு இறுவட்டும் இணையத் திரைப்படமும்

திரைப்படம் என்பது ஒரு காலத்தில் மக்கள் தேடிச் சென்று காணவேண்டிய பொருளாக இருந்தது. ஊவாத் தோட்டங்களில் வாழ்வோர் பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு படம் பார்த்துத் திரும்புவதற்கு ஓய்வு நாளையும் சம்பள நாளையும் எதிர்நோக்கியிருந்தனர். 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. பின்னர் வீடியோ நாடாவும், அதனைத் தொடர்ந்து சீடி, டிவிடி என்னும் இறுவட்டுக்களும் பரவி, படமாளிகையை லயத்து அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தன. இன்றோ நாடாவும் வேண்டியதில்லை, வட்டும் வேண்டியதில்லை. கண்ணுக்குப் புலப்படாத அலையின் வழியே படம் கைத்தொலைபேசிக்குள் வந்து இறங்குகின்றது.

இந்நிலையில் ஒரு கேள்வி எழுகின்றது. விரைவான இணைய இணைப்பு ஒன்று கிடைத்துவிட்டால், உயர்தெளிவு இறுவட்டுக்கு இணையான படத்தைத் தரவிறக்கம் செய்து பார்த்துவிட முடியுமா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது. ஆயினும் அது நிறைவான விடையாகாது. விரைவு வேறு, தெளிவு வேறு, உடைமை வேறு. இம்மூன்றையும் தனித்தனியே பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலில் இறுவட்டின் தன்மையைக் காண்பது தகும். வட்டின் பரப்பில் மிக நுண்ணிய குழிகளாகச் செய்தி பொறிக்கப்பட்டிருக்கும். லேசர் ஒளிக்கதிர் அக்குழிகளைப் படிக்கும். மெல்லிய ஊசியால் நெருக்கமாகத் தையலிட இயல்வது போல, ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் குழிகளையும் நெருக்கமாகப் பொறிக்கலாம். சீடியைப் படிக்கும் ஒளியின் அலைநீளம் 780 நானோமீற்றர். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைட். டிவிடிக்கு 650 நானோமீற்றர். ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட். 2006ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த புளூரே வட்டு 405 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஊதா ஒளியைப் பயன்படுத்துகின்றது. அதன் ஓர் அடுக்கு 25 ஜிகாபைட்டும், ஈரடுக்கு 50 ஜிகாபைட்டும் கொள்ளும். அதற்குப் போட்டியாக எழுந்த எச்.டி. டிவிடி என்னும் வட்டினை டோசிபா நிறுவனம் 2008 பெப்ரவரியில் கைவிட்டதோடு, உயர்தெளிவு இறுவட்டு என்றால் புளூரே என்றே ஆயிற்று.

இத்துணை பெரிய கொள்ளளவு எதற்கு? உயர்தெளிவுப் படத்தின் ஒவ்வொரு சட்டத்திலும் அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளுமாக, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் 24 பிட் கொண்டு குறித்தால், ஒரு வினாடிப் படத்துக்கு ஏறத்தாழ 1,200 மெகாபிட் தேவைப்படும். புளூரே வட்டில் படத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ வினாடிக்கு 40 மெகாபிட் மட்டுமே. ஆகவே இறுவட்டில் உள்ள படமும் சுருக்கப்பட்ட படமே. எவ்வளவு சுருக்கப்பட்டது என்பதில்தான் வேறுபாடு அடங்கியுள்ளது.

சுருக்கும் முறையை ஒரு தேயிலை மலையைக் கொண்டே விளக்கலாம். வெயில் தெளிந்த காலை. மலைச்சரிவு அசையாது நிற்கின்றது. கொழுந்து பறிக்கும் கைகள் மட்டும் அசைகின்றன. இக்காட்சியில் சரிவு முழுவதையும் சட்டந்தோறும் மீண்டும் எழுத வேண்டுவதில்லை. முன்னைய சட்டத்தில் உள்ளதே இங்கும் உள்ளது என்று குறித்து, அசைந்த கைகளை மட்டும் புதிதாக எழுதினால் போதும். ஆனால் ஹப்புத்தளைக் கணவாயில் மூடுபனி ஏறிவரும் வேளையில், காற்றில் இலைகள் யாவும் சிலிர்க்க, மழையும் பெய்கின்றது என்று வைத்துக்கொள்வோர்க்கு உண்மை விளங்கும். அப்பொழுது புள்ளிகள் அனைத்தும் நொடிதோறும் மாறுகின்றன. ஒதுக்கப்பட்ட தரவு போதாவிடின், மழை சதுரக் கட்டங்களாகச் சிதறும். மெல்ல மங்கவேண்டிய பனி, படிக்கட்டுப் போல வரிவரியாகத் தோன்றும். தரவு மிகுந்த படத்தையும் குறைந்த படத்தையும் இனங்காட்டுவது இத்தகைய காட்சியே.

இணையத்தில் வரும் படத்துக்கு எவ்வளவு தரவு கிடைக்கின்றது? 2016 ஜனவரியில் இலங்கைக்கு வந்த நெட்பிளிக்ஸ் நிறுவனம், 1080 வரிப் படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேகமுள்ள இணைப்பைப் பரிந்துரைக்கின்றது. அந்த அளவில் இரண்டு மணி நேரப் படம் 4.5 ஜிகாபைட் ஆகும். வட்டிலோ வினாடிக்கு 30 மெகாபிட் வீதம் பதியப்பட்ட அதே நீளமுள்ள படம் 27 ஜிகாபைட் இடம்பிடிக்கும். இரண்டின் உறையிலும் 1080 என்ற எண்ணே காணப்படும். புள்ளிகளின் தொகை ஒன்றே. புள்ளிக்குக் கிடைத்த தரவின் பங்கு ஆறில் ஒன்று. ஒலியிலும் இவ்வாறே: வட்டு ஒலிப்பதிவை இழப்பின்றித் தரவல்லது, இணையப் படத்தின் ஒலி பெரும்பாலும் சுருக்கப்பட்டே வருகின்றது.

சுருக்கும் கலை வளர்ந்துள்ளதையும் மறுத்தல் கூடாது. 2013ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எச்.இ.வி.சி. முறை, புளூரே வட்டுக்களில் பெரிதும் வழங்கும் பழைய முறைக்குத் தேவைப்படும் தரவில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டே அதே தெளிவைத் தரவல்லது. ஆயினும் ஆறு மடங்கு இடைவெளி பாதியாகக் குறையுமேயன்றி அற்றுப்போகாது. மேலும் 2016இல் வந்த அதியுயர் தெளிவு இறுவட்டு, 100 ஜிகாபைட் வரை கொள்ளளவுடன் அதே புதிய முறையைத் தானும் மேற்கொண்டது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. குழாய் எவ்வளவு அகன்றதாயினும், தொட்டியில் உள்ள நீரே வந்து சேரும். 4.5 ஜிகாபைட்டாகச் சுருக்கப்பட்ட படம், வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 6 நிமிடத்தில் வந்துவிடும். 8 மெகாபிட் வேகத்தில் 75 நிமிடமும், 2 மெகாபிட் வேகத்தில் 5 மணி நேரமும் பிடிக்கும். விரைந்து வந்தாலும் மெல்ல வந்தாலும் படம் ஒன்றே. வட்டில் உள்ள 50 ஜிகாபைட்டையும் குறைவின்றிக் கொண்டுவரவேண்டுமாயின், அதே மூன்று வேகங்களில் முறையே ஏறத்தாழ 67 நிமிடமும், 14 மணி நேரமும், இரண்டு நாளுக்கு மேலும் ஆகும்.

இங்கேதான் ஊவாவின் நில அமைப்பு குறுக்கிடுகின்றது. 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய ரயில் பாதையை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். கொழும்பிலிருந்து ரம்புக்கனை வரை சமநிலத்தில் ஓடும் வண்டி, அதன்பின் மலையேறத் தொடங்கிப் பட்டிப்பொலையில் 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்தைக் கடந்தே பதுளைக்கு இறங்குகின்றது. சமநிலத்தில் எவ்வளவு விரைந்தாலும், பயண நேரத்தை முடிவு செய்வது ஏற்றப் பகுதியே. இணையமும் அவ்வாறே. கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடி வடங்கள் பெருவெள்ளமாகத் தரவைக் கொணர்கின்றன. நகரங்களில் ஒளியிழை இணைப்பு அதனை வீட்டு வாயில் வரை சேர்க்கின்றது. பசறைக்கும் மடுல்சீமைக்கும் அப்பால் பள்ளத்தாக்கில் ஒதுங்கிய தோட்டப் பிரிவுக்கோ பெரும்பாலும் கோபுரத்திலிருந்து வரும் அலையே துணை. அவ்வலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. இடையே ஒரு குன்று நின்றால் அதன் நிழலில் உள்ள லயங்களுக்கு அது நலிந்தே வரும். மேற்பிரிவில் நன்கு கிடைப்பது கீழ்ப்பிரிவில் கிடைக்காமற் போவது இதனாலேயே.

இது வெறும் பொழுதுபோக்குக் குறை அன்று. கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டில், போஹிட்டியாவைக் கிராமத்து மாணவர் அலை கிடைக்கும் பாறை உச்சிக்குக் காட்டு வழியே ஏறிச் சென்று பாடம் பெற்றனர். லுணுகலைப் பகுதியில் பெற்றோர் தம் பிள்ளைகளை மலையுச்சியில் இருந்த மரவீட்டுக்கு அழைத்துச் சென்றனர். அச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. இக்குறையை வானிலிருந்து தீர்க்கும் முயற்சிகளும் நடந்தன. 2016இல் கூகுள் நிறுவனத்தின் லூன் பலூன் ஒன்று சோதனைக்காக இலங்கை வானில் நுழைந்தது. எனினும் சேவை மலராமலே அத்திட்டம் 2021இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளைக் கொண்ட ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. அது மலை நிழலை வெல்லவல்லது. ஆனால் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் நாட்சம்பளக் குடும்பத்துக்கு எட்டுவன அல்ல.

மற்றொரு தடை தரவின் அளவு. பல குடும்பங்களில் தந்தை செய்தி பார்ப்பதும், தாய் வெளிநாட்டு உறவினருடன் பேசுவதும், பிள்ளை வினாத்தாள் இறக்குவதும் ஒரே தரவுப் பொதியிலிருந்தே. அதில் 27 ஜிகாபைட்டை ஒரு படம் விழுங்கிவிட்டால், மாத முடிவில் பாடத்துக்கு எஞ்சுவது என்ன? ஆகவே சுருக்கப்பட்ட படம் தோட்டத்து வீட்டுக்கு ஒரு குறையாக மட்டும் அமையவில்லை. ஒரு வசதியாகவும் அமைந்துள்ளது.

அந்தக் குறையும் எந்நேரமும் கண்ணுக்குப் படுவதில்லை. நல்ல பார்வையுள்ள மனிதக் கண், 32 அங்குலத் திரையில் உள்ள 1080 வரிப் புள்ளிகளை ஏறத்தாழ 4 அடி தூரம் வரையே பிரித்தறியும். லயத்து அறையில் 8 அடிக்கு அப்பால் அமர்ந்து பார்ப்பவர்க்கு 720 வரிப் படமும் 1080 வரிப் படமும் ஒன்றாகவே தோன்றும். கைத்தொலைபேசியின் சிறு திரையில் வேறுபாடு மேலும் மங்கிவிடும். பெரிய திரையும் நல்ல ஒலிபெருக்கியும் உள்ள இடத்தில்தான் இறுவட்டின் மேன்மை முழுமையாக வெளிப்படும்.

அலை நலிந்த இடத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதைவிட, முன்னரே இறக்கி வைத்துப் பார்ப்பதே சிறந்தது. ஓடவிட்டுப் பார்க்கும்பொழுது இணைப்புத் தளர்ந்தால், படம் நிற்காதிருக்கும் பொருட்டுச் சேவை தானே தெளிவைக் குறைத்துவிடும். இறக்கி வைத்த படத்துக்கு அந்த இடர் இல்லை. நெரிசல் குறைந்த பின்னிரவில் இறக்கினால் நேரமும் மிச்சப்படும். இரவுக்கெனத் தனித் தரவு ஒதுக்கும் பொதிகளும் உண்டு.

இறுதியாக உடைமை. வாங்கிய இறுவட்டு வாங்கியவருடையது. அண்டை வீட்டாருக்கு இரவல் தரலாம். இணைப்பு அறுந்தாலும் மின்சாரம் உள்ளவரை ஓடும். சேவைகளில் இறக்கிய படமோ பெரும்பாலும் சில நாட்களில் காலாவதியாகும்; சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். விலைக்கு வாங்கியதும் உண்மையில் பார்க்கும் உரிமமே என்பதை வாங்குவோர்க்குத் தெளிவாகக் கூறவேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வட்டுக்கும் ஆயுள் குறுகி வருகின்றது. சாம்சங் நிறுவனம் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூரே இயக்கிகளை வெளியிடுவதை நிறுத்துவதாக அறிவித்தது. தபால் வழியே வட்டு அனுப்பி வளர்ந்த நெட்பிளிக்ஸ், 2023 செப்டெம்பரில் அச்சேவையையே முடித்துக்கொண்டது. இயக்கி இல்லாத வீட்டில் வட்டு வெறும் பளபளப்பே. கீறலும் மலைநாட்டு ஈரமும் அதற்குப் பகை.

ஆகவே விடை இவ்வாறு அமைகின்றது. படத்தின் தெளிவிலும் ஒலியிலும் நிலைத்த உடைமையிலும் இறுவட்டே இன்றும் முன் நிற்கின்றது. இணைய வேகம் கூடுவதால் மட்டும் அந்த இடம் மாறாது. சேவை தருவோர் படத்துக்குக் கூடுதல் தரவு ஒதுக்கினாலே மாறும். ஊவாத் தோட்டத்து வீட்டின் சிறு திரைக்கு நன்கு சுருக்கப்பட்ட தரவிறக்கமே போதும். அந்தக் குடும்பத்துக்கு வேண்டுவது நகரத்து 100 மெகாபிட் அன்று. கடைசிப் பிரிவின் கடைசி லயத்திலும் தளராது கிடைக்கும் சில மெகாபிட்டே. அது கிட்டுமாயின், இரவில் படம் வருவதோடு, காலையில் பிள்ளை பாடத்துக்காக மலையேறவேண்டிய தேவையும் இல்லாமற் போகும்.